வெர்லின் விரல் உயர்த்தினார்

சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த ஆளில்லாத டிராக்டர் ஒன்றுக்குத் தன் கணவர் விரல் உயர்த்தி மரியாதை செய்ததைக் கண்டபோது, டார்லா வாவ்ரா முதலில் சிரித்துவிட்டாள்.

"அதுல யாரும் இல்ல, வெர்லின்."

"ம்ம்," என்றார் வெர்லின்.

"டிராக்டரே உனக்குச் சொந்தக்காரனோ?"

"ம்ம்."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய பேச்சு எப்போதும் இந்த அளவோடு நின்றுவிடும் என்பதால் டார்லா அதைப் பொருட்படுத்தவில்லை. மாற்றிப் பொருத்தப்பட்ட அவருடைய வலது முழங்காலை நார்த் பிளாட் நகரத்து மருத்துவரிடம் காட்டிவிட்டு, சூடான மாட்டிறைச்சியும் மசித்த உருளைக்கிழங்கும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, இருவரும் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். இன்னும் எழுபது மைல் இருந்தது. இருபுறமும் அக்டோபர் மாதத்துப் புல் பழுத்த மணற்குன்றுகள். நடுவே, யாரோ நூல் பிடித்துப் போட்டதுபோல் சாலை.

நெப்ராஸ்காவின் அந்தப் பகுதியில், எதிரே வரும் வண்டிக்கு விரல் உயர்த்தாமல் போகிறவன் வெளியூர்க்காரனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் யாரோடோ சண்டையில் இருக்க வேண்டும். அதற்காகக் கையை எடுத்து ஆட்ட வேண்டியதில்லை. ஸ்டியரிங்கின் உச்சியில் கிடக்கும் கையின் ஆள்காட்டி விரல் ஓர் அங்குலம் எழுந்து தாழ்ந்தால் போதும். "உன்னைப் பார்த்தேன், நலம்தானே" என்று அதற்குப் பொருள். வெர்லினின் விரல் தவறியதே இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற மனிதர் அவர். எதிரே வருகிறவர்கள் அவருடைய முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்த விரலைப் பார்த்துவிடுவார்கள்.

காரில் க்ரூஸ் கண்ட்ரோல் இருந்ததால்தான் அவர் இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தார் என்று சொன்னால் மிகையாகாது. பொத்தானை அழுத்தி வேகத்தைப் பொருத்திவிட்டால் அதன் பிறகு மிதியைத் தொட வேண்டாம். முழங்கால் நீட்டி ஓய்வெடுத்துக்கொள்ளும். வேகம் ஏறியிறங்காததால் ஒரு முறை நிரப்பிய பெட்ரோலும் கூடுதல் தூரம் வந்தது. ஊருக்குள் நுழையும்போதுகூட அவர் அதை விடுவதில்லை. முப்பது மைல் வேக எல்லைப் பலகைக்குப் பின்னால், தீவனக் கிடங்கின் நிழலில் வண்டியை மறைத்துக்கொண்டு காத்திருக்கும் காவலரை, இருபத்தொன்பதில் பொருத்திய வேகத்தோடும் உயர்த்திய விரலோடும் கடந்துபோவது அவருடைய சிறிய சந்தோஷங்களில் ஒன்று. பள்ளிப் பேருந்திலும் அந்த வசதி உண்டு. சென்ற மாதம் கைப்பந்து அணியின் பெண்கள் பதினான்கு பேரை நூற்று அறுபது மைல் அழைத்துப்போய்த் திரும்பியபோது, "வேகமானி ஊசி ஒரு தடவைகூட அசையல, டார்லா. தண்டவாளத்துல போற மாதிரி இருந்துச்சு," என்று பயிற்சியாளரே சமையலறைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். பள்ளிச் சமையற்காரியான டார்லாவுக்கு அன்றைக்கெல்லாம் பெருமை தாளவில்லை.

அடுத்த முறை வெர்லின் விரல் உயர்த்தியது ஒரு தபால் பெட்டிக்கு.

இந்தத் தடவை டார்லா சிரிக்கவில்லை. மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள். கண்கள் திறந்தே இருந்தன. கைகள் ஸ்டியரிங்கின் மேல் சரியாகத்தான் இருந்தன. கார் கோட்டை விட்டு விலகும்போதெல்லாம் அவை மெதுவாக அதைத் திருப்பிக் கொண்டுவந்தன. முகம் மட்டும் விளக்கை அணைக்காமல் ஆட்கள் வெளியே போய்விட்ட வீட்டைப் போல இருந்தது.

"வெர்லின், வியாழக்கிழமை மிளகாய்க் கறிக்கு இலவங்கப்பட்டைச் சுருள் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்."

"ம்ம்."

மிளகாய்க் கறி வைக்கிற நாளில் இனிப்பான இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருள் தட்டில் இல்லாவிட்டால் அந்த மாவட்டத்தில் பெற்றோர் கூட்டம் போடுவார்கள். வெர்லினோ, முப்பது வருடங்களுக்கு முன் ஒரு திருமண விருந்தில் அது பரிமாறப்படாததை இன்றுவரை மன்னிக்காதவர்.

"அதுக்குப் பதிலா வேகவச்ச முட்டைக்கோஸ் வைக்கப்போறேன்."

"ம்ம், சரி."

"வெர்லின், நான் யாரு?"

"ம்ம்," என்றார் வெர்லின்.

அப்போதுதான் முன்னாலிருந்த மேட்டின் உச்சியில் மஞ்சள் விளக்குகள் சுழல்வது தெரிந்தது. கூரைமேல் பலகை கட்டிய பிக்கப் வண்டி ஒன்று, சாலையின் நடுக்கோட்டை மிதித்துக்கொண்டு வந்தது. பின்னால் பெரிய சுமை வருகிறது, ஒதுங்கி நில்லுங்கள் என்று சொல்வதற்காக முன்னே வரும் வழிகாட்டி வண்டி அது. வெர்லினின் விரல் எழுந்து தாழ்ந்தது. பிக்கப்பில் இருந்தவரும் விரல் உயர்த்தினார். இருவரும் முறைப்படி நலம் விசாரித்துக்கொண்டு ஒருவரையொருவர் கடந்தார்கள்.

மேட்டுக்குப் பின்னாலிருந்து முதலில் ஒரு கூரை எழுந்தது. பிறகு புகைபோக்கி, பிறகு வெள்ளையடித்த பலகைச் சுவர். இடம் பெயர்த்துக் கொண்டுபோகப்படும் ஒரு முழு மரவீடு, சாலையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை அடைத்துக்கொண்டு, லாரியின் முதுகில் அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

டார்லா அவருடைய தோளைப் பிடித்து உலுக்கினாள். "ம்ம்," என்றார். பெயரைச் சொல்லிக் கத்தினாள். அதற்கும் அதுதான் பதில். கார் அறுபத்தைந்தில், துளியும் ஏறாமல் இறங்காமல், மிக ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

ஸ்டியரிங்கின் வலப்பக்கத்தில் அந்தப் பொத்தான்கள் இருந்தன. ஆயிரம் தடவை அவர் அழுத்தப் பார்த்திருக்கிறாள். தான் ஒரு முறையும் தொட்டதில்லை. கையை நீட்டி, நிறுத்துகிற பொத்தானை அழுத்தினாள். இயந்திரத்தின் ஓசை தணிந்தது. அறுபது. ஐம்பத்தைந்து. போதாது. இருக்கைப் பட்டை கழுத்தை அறுக்க, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைத் தன் பக்கம் இழுத்தாள். கார் தார்ச்சாலையை விட்டுச் சரிந்தது. மைல் எண் தாங்கிய பச்சைக் கம்பம் ஒன்று மளுக்கென்று ஒடிந்தது. புல் அடிவயிற்றில் உரசிக்கொண்டே வந்தது. மணல் சக்கரங்களைப் பிடித்துக்கொள்ள, வேலிக்கு நாலடி முன்னால் கார் நின்றது.

அவர்களுடைய இடப்பக்கத்தில், தலைக்கு மேலே, வீடு கடந்துபோயிற்று. சமையலறை ஜன்னலில் நீலப் பூப்போட்ட திரை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. வாசல் விளக்கின் கம்பி காற்றில் ஆடியது. லாரிக்காரர் பிரேக் போடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

வெர்லின் கண்ணைச் சிமிட்டினார்.

"யார் வீடு அது?" என்று கேட்டார்.

டார்லாவின் கைகள் இன்னும் ஸ்டியரிங்கை விடவில்லை.

"நாம ஏன் புல்லுல நிக்கிறோம்? நீ எதுக்கு ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்க? டார்லா, என்னாச்சு?"

"நீ தூங்கிட்ட."

"நானா? கண்ணைத் திறந்துக்கிட்டு வர்ற ஆளைப் பார்த்து..."

"ஒரு வீடு வந்துச்சு, வெர்லின்."

"வீடு வந்தா ஒதுங்கத் தெரியாதா எனக்கு? நீ இழுக்கலன்னா நானே ஒதுங்கியிருப்பேன்."

அவர் அதை நம்பித்தான் சொன்னார். அவளை அதிகமாகக் கலங்கவைத்தது அதுதான்.

வழிகாட்டி பிக்கப் திரும்பி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் கேலன் ஆஸ்ட்ராண்டர். வெர்லினோடு ஒரே பள்ளியில், ஒரே பெஞ்சில் படித்தவர். பருமனான அந்த மனிதர் புல்லில் ஓடிவந்ததை டார்லா அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

"அடி ஒண்ணும் படலையே? டார்லா? டேய் வெர்லின், உனக்கு என்ன வந்துச்சு? பள்ளத்துல இறங்கறதுக்கு உனக்கு முழு மாவட்டமும் கிடக்குது, நான் கூட்டிட்டு வர்ற வீட்டு முன்னாடிதான் இறங்கணுமா?"

"இவதான் இழுத்துட்டா," என்றார் வெர்லின்.

"இழுக்கலன்னா இப்ப நீ அந்த வீட்டுல குடியிருப்படா." கேலன் தொப்பியை எடுத்து முகத்தைத் துடைத்தார். சிரிக்க முயன்றார், வரவில்லை. "லாரிக்காரன் ரேடியோல கேட்டான், எதிர்ல கார் வருதே, நிறுத்தட்டுமான்னு. நான்தான் சொன்னேன், வெர்லின்தாண்டா வர்றான், என்னைப் பார்த்து விரல் தூக்கிட்டான், ஒதுங்கிடுவான், நீ பாட்டுக்கு வான்னு." அவர் நிறுத்தினார். "விரல் தூக்கினியேடா."

வெர்லின் கேலனின் பிக்கப்பைப் பார்த்தார். அதன் கூரைமேல் சுழன்றுகொண்டிருந்த மஞ்சள் விளக்குகளைப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கின் உச்சியில் இன்னமும் கிடந்த தன் வலது கையைப் பார்த்தார்.

"உன்னை நான் பார்க்கவே இல்ல, கேலன்," என்றார்.

கேலன் சங்கிலி போட்டுக் காரைச் சாலைக்கு இழுத்துவிட்டார். போகும்போது வெர்லினிடம் விடைபெறாமல், டார்லாவின் தோளை மட்டும் தொட்டுவிட்டுப் போனார்.

ஓட்டுநர் இருக்கையில் டார்லா உட்கார்ந்தாள். இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். ஒரு மைல் போனதும் வெர்லின் தொண்டையைச் செருமினார்.

"சாப்பாடு கொஞ்சம் அதிகமாயிடுச்சு. அவ்வளவுதான்."

"பேருந்துலயும் க்ரூஸ் போட்டுத்தான் ஓட்டறியா?"

"முழங்காலை வச்சுக்கிட்டு வேற எப்படி ஓட்டறது?"

"போன மாசம் அந்தப் பொண்ணுங்களைக் கூட்டிட்டுப் போனியே. போற வழியில பாலம் ஒண்ணு வேலை நடக்குதாமே. எந்தப் பக்கமா சுத்திவிட்டாங்க?"

வெர்லின் வெளியே பார்த்தார்.

"ஞாபகம் இல்ல," என்றார்.

ஊசி அசையவே இல்லை என்று பயிற்சியாளர் சொன்னது டார்லாவின் நினைவுக்கு வந்தது. பழைய டிரக்கில் அவர் ஓட்டிய காலத்தில் கண் சொக்கினால் கால் தளரும். கால் தளர்ந்தால் வண்டி இழுக்க முடியாமல் முனகும். அந்த முனகலில் அவரே விழித்துக்கொண்டு, பாட்டை உரக்க வைப்பார். இந்தப் பொத்தான் அவருடைய காலுக்கு ஓய்வு கொடுத்ததோடு, அந்த முனகலையும் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பொத்தானைக் குறைசொல்லவும் அவளால் இயலவில்லை. பேருந்து ஓட்டுநருக்கான மருத்துவப் படிவத்தில், பகலில் கண் சொக்கவைக்கும் குறட்டை உண்டா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று கேட்டிருந்த இடத்தில், "இல்லன்னு போட்டுடு" என்று அவர் சொல்ல, இல்லை என்று எழுதியது அவளுடைய கைதான். அந்தக் குறட்டைக்குப் பயந்து இரண்டு வருடங்களாக அவள் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டிருக்கிறாள்.

"வியாழக்கிழமை பொண்ணுங்களுக்கு மாவட்டக் கைப்பந்து ஆட்டம்," என்றார் வெர்லின். "இன்னொரு பேருந்து ஓட்டற லியோனாவுக்கு இடுப்பு ஒடிஞ்சு கிடக்குது. என்னை விட்டா பேருந்து ஓட்ட லைசென்ஸ் உள்ள ஆள் இல்ல. இந்த ஒரு ஆட்டம் முடியட்டும், டார்லா. அப்புறம் நானே சாவியைக் கொடுத்துடறேன். ரெண்டு கப் காப்பி குடிச்சுட்டு ஓட்டறேன். க்ரூஸ்கூடப் போடமாட்டேன்."

"முழங்கால்?"

"பொறுத்துக்கறேன். அந்தப் பிள்ளைங்க எட்டு வருஷம் கழிச்சு மாவட்டத்துக்குப் போகுது. நம்மால கெட்டுச்சுன்னு ஆகணுமா?"

அந்தப் பதினான்கு பெண்களையும் டார்லா அவர்களுடைய சாப்பாட்டுத் தட்டுகளால் அறிந்திருந்தாள். கின்லி பட்டாணியை ஒதுக்குவாள். இரட்டையரில் ஒருத்தி மற்றவளுடைய சுருளின் நடுப்பகுதியைத் திருடுவாள். ஒருத்திக்குக் கடலை ஆகாது. பதினான்கு தட்டுகளும் வரிசையாக அவள் கண்முன் வந்து நின்றன. அந்த வீட்டின் சமையலறை ஜன்னலும் வந்தது. ஒரு ஆட்டம்தானே என்று ஒரு கணம் அவளுக்கே தோன்றிவிட்டது என்பதையும் இங்கே மறைப்பதற்கில்லை. அப்போது எதிரே ஒரு கால்நடை லாரி வந்தது. டார்லா வழக்கம்போல் விரல் உயர்த்தினாள். ஏதோ அசைவதை உணர்ந்து பக்கத்தில் பார்த்தாள்.

வெர்லினின் வலது கை அவருடைய தொடைமேல் கிடந்தது. கண்கள் திறந்திருந்தன. ஆள்காட்டி விரல் ஓர் அங்குலம் எழுந்து, தாழ்ந்தது.

"வெர்லின்," என்றாள், குரலை உயர்த்தாமல். "பேருந்து பள்ளத்துல விழுந்துடுச்சு."

"ம்ம், சரி," என்றார் அவர்.

சாவியைக் கொடுக்கிறேன் என்று பேசி முடித்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கவில்லை. காப்பியால் தீர்கிற காரியம் இல்லை இது என்பது டார்லாவுக்கு அப்போது விளங்கிவிட்டது. தங்கள் வீட்டுக்குத் திரும்பும் மண்பாதையைக் கடந்து நேராக ஓட்டிப்போய், பள்ளியின் முன்னால் காரை நிறுத்தினாள். இயந்திரம் ஓய்ந்ததும் வெர்லின் நிமிர்ந்தார். மஞ்சள் பேருந்து எதிரே நின்றுகொண்டிருந்தது.

"இங்க எதுக்கு வந்த?"

"வர்ற வழியெல்லாம் விரல் தூக்கிட்டு வந்த. யார் யாருக்குன்னு சொல்லு பார்ப்போம்."

அவர் முன்கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் பூச்சிகள் ஒட்டிக் காய்ந்திருந்தன.

"நீ உள்ள போய்ச் சொல்றியா, நான் போகட்டுமா?" என்றாள் டார்லா. "நீ சொன்னா அதுல உன் பேர் மிச்சமிருக்கும். நான் சொன்னா என் பொய்யையும் சேர்த்துச் சொல்லணும். சொல்லத்தான் போறேன்."

"என்ன பொய்?"

"குறட்டை."

வெர்லின் தன் சாவிக்கொத்திலிருந்து பேருந்துச் சாவியைக் கழற்ற முயன்றார். வளையம் இறுகியிருந்தது, நகம் நுழையவில்லை. டார்லா உதவவில்லை. கடைசியில் கொத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, வலது காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து, முதல்வர் கோரின் ஹால்வர்சனின் அறை இருக்கும் கதவை நோக்கி நடந்தார். கால் மணி நேரம் கழித்து டார்லாவும் போனாள். கோரின் இருவரையும் திட்டவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "போன மாசம் என் தங்கச்சி பொண்ணு அந்தப் பேருந்துல இருந்தா," என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை பெண்கள் பெற்றோரின் கார்களில் போனார்கள். ஐந்து கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக. கடைசிக் கார் டார்லாவுடையது; முன்னால் கின்லி, பின்னால் இரட்டையர். வெர்லின் வீட்டுப் பாதையின் முனையில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தூக்கத்தைச் சோதிக்கும் மருத்துவரிடம் அடுத்த வாரம் நாள் குறித்திருந்தது. கார்கள் கடந்தபோது அவர் விரலை உயர்த்தவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

அறுபதில் வேகத்தைப் பொருத்தினாள் டார்லா. நூற்றுப் பத்து மைல். ஐந்து கார்களும் ஒரே வேகத்தில் போனால் யாரும் யாரையும் தவறவிட மாட்டார்கள் என்று கோரினே சொல்லியிருந்தார். உண்மையில் வசதியாகத்தான் இருந்தது. கால் ஓய்ந்தது. முன்னாலிருந்த கார் ஒரே தூரத்தில் ஒட்டிவைத்ததுபோல் நின்றது. பின்னால் இரட்டையர் தூங்கிப்போனார்கள். குன்றுகள் வந்தன, போயின. டார்லா பள்ளிச் சமையலறையை நினைத்தாள்: தான் இல்லாத நாளில் சுருள்களைக் கருக்கிவிடாமல் எடுப்பார்களோ, மாட்டார்களோ.

"அது யாரு, மிசஸ் வாவ்ரா?" என்றாள் கின்லி.

"எது யாரு?"

"இப்ப போனாங்களே. நீங்க விரல் தூக்கினீங்களே."

டார்லா பின்பார்வைக் கண்ணாடியைப் பார்த்தாள். தொலைவில் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ ஏதோ ஒரு வண்டி சிறுத்துக்கொண்டிருந்தது. எதிரே ஒரு வண்டி வந்ததே அவளுக்குத் தெரியாது. ஸ்டியரிங்கின் உச்சியில், அவளுடைய ஆள்காட்டி விரல் இன்னும் முழுதாகத் தாழ்ந்திருக்கவில்லை.

அவள் பொத்தானை அழுத்தினாள். கார் முனகியது. முன்னாலிருந்த கார் மெல்ல விலகத் தொடங்கியது. டார்லாவின் வலது கால் மிதியைத் தேடிக் கண்டுபிடித்தது.

"கின்லி, பேசிக்கிட்டே வாம்மா," என்றாள்.

"எதைப் பத்தி?"

"எதையாவது. நான் ம்ம் மட்டும் போட்டேன்னா, உடனே என்னை உலுக்கு."